கானாவூர்க் கல்யாணத்துக்கு ஆட்சேபனை

பாப்பாரப்பட்டிக்கும் தர்மபுரிக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கத்தோலிக்கப் பங்கின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அதை விசாரிக்க ஒரு உபகமிட்டி போடுவார்கள். உபகமிட்டிக்கு ஒரு தலைவர், தலைவருக்கு ஒரு பொன்னாடை என்று வேலை நீண்டுகொண்டே போகும். எண்பத்து நாலாம் வருடம் அங்கே ‘நற்குடும்ப நல்வாசிப்பு இயக்கம்’ என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னாலும் ஜனங்கள் சாயங்காலமானால் செபமாலை சொன்னார்கள், பிள்ளைகளுக்குக் கதை சொன்னார்கள், சாப்பிட்டுப் படுத்தார்கள். இதையெல்லாம் இத்தனை காலமாகத் தப்பும் தவறுமாகச் செய்து வந்திருக்கிறோம் என்பது இயக்கம் வந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

இயக்கத்தின் தலைவர் பெரியநாயகம். வருவாய்த் துறையில் ஆர்.ஐ.யாக இருந்து ரிட்டயர் ஆனவர். முப்பது வருடம் வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, வாரிசுச் சான்று என்று விசாரித்துப் பழகிய மனிதருக்கு வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. பங்குச் சாமியாரிடம் போய் நின்றார். சாமியாருக்கோ மலையடிவாரம் வரைக்கும் கிளைக் கோயில்கள். ஒரு பழைய மோட்டார் சைக்கிளில் எப்போதும் போய்க்கொண்டோ வந்துகொண்டோ இருப்பார். அன்றைக்கு வண்டி கிளம்ப மறுத்தது. அதை உதைத்துக்கொண்டே, “நடக்கட்டும், நடக்கட்டும்” என்றார். அது வண்டியைப் பார்த்துச் சொன்னதா, பெரியநாயகத்தைப் பார்த்துச் சொன்னதா என்பதில் பங்கில் இன்றைக்கும் கருத்து வேற்றுமை உண்டு. பெரியநாயகம் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார்.

இயக்கத்தின் ஏற்பாடு எளிமையானது. மாலை ஏழு மணிக்குச் செபமாலை முடிந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் கால்மணி நேரம் குடும்ப வாசிப்பு. வாசிப்பது தாயாக அல்லது தகப்பனாக இருக்க வேண்டும். வாசிக்கப்படுவது இயக்கம் அனுமதித்த நூலாக இருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் வாசித்து முடித்ததும் ஒரு மஞ்சள் அட்டையில் ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டும். அறுபது கட்டம் நிரம்பாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த வருடம் புதுநன்மை, அதாவது முதல் தடவையாக நற்கருணை வாங்குவது, கிடையாது.

அனுமதிக்கப்பட்ட நூல்கள் ஐந்து. அதில் மூன்று பெரியநாயகம் எழுதியவை. அவற்றில் பெரியது ‘நல்லவன் ஞானப்பிரகாசம்’ என்ற குடும்ப நாவல். ஞானப்பிரகாசம் முதல் பக்கத்திலேயே நல்லவன். இருநூறாம் பக்கம்வரை நல்லவனாகவே இருந்து, அதற்குமேல் தாக்குப்பிடிக்க முடியாமல் இறந்து போகிறான். மிச்சமுள்ள பன்னிரண்டு பக்கமும் இரங்கல் உரை. சில வீடுகளில் அதைப் படித்தால் குழந்தைகள் சீக்கிரம் தூங்கிவிடுகிறார்கள் என்று தாய்மார்கள் உண்மையிலேயே நன்றி சொன்னார்கள்.

இந்த இயக்கத்தில் மாட்டிக்கொண்டவர்தான் இன்னாசிராஜ். லாரிக்குப் படம் எழுதுகிறவர். தொப்பூர்க் கணவாய்க்குக் கீழே லாரிகள் நிற்கிற இடத்தில் அவருக்கு வேலை. வண்டியின் பின்பக்கம் தாமரை, அன்னம், மலைக்கு நடுவில் சூரியன், ‘ஒலி எழுப்பவும்’ எல்லாம் அவர் கைவண்ணம். சாயங்காலம்தான் லாரிகள் வந்து சேரும் என்பதால் மத்தியானம் போனால் வீடு திரும்ப எட்டரை ஆகிவிடும். அவர் மனைவி ராஜமேரிக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆக, ஏழு மணிக்கு அந்த வீட்டில் தாய் இருந்தாள், வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்த தகப்பன் தொப்பூரில் இருந்தார்.

அவர்கள் மகள் சகாயமேரிக்கு ஒன்பது வயது. இரண்டு வருடமாக ஞான உபதேச வகுப்புக்கு ஒருநாள் தவறாமல் போகிறவள். புதுநன்மைக்கான வெள்ளைக் கவுன் தைத்தாகிவிட்டது. பெட்டியிலிருந்து தினமும் ஒருதரம் எடுத்துப் பார்த்து மறுபடி மடித்து வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பதினாறு பிள்ளைகளும் மஞ்சள் அட்டையைத் தூக்கிக் காட்டும்போது, அவள் மட்டும் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். முன்பக்கம் ஒரு கட்டம்கூட நிரம்பவில்லை. இதை அவள் வீட்டில் சொல்லவில்லை, வேறொரு பிள்ளை வந்து சொல்லித்தான் தெரிந்தது. இன்னாசிராஜுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை பெரியநாயகத்தின் வீட்டுக்குப் போனார்.

“ஐயா, காலையில நான் வூட்லதாங்க இருக்கிறேன். காலையில படிச்சா ஆவாதுங்களா?”

“காலை வாசிப்பு என்பது தனி இயக்கம். அது இன்னும் தொடங்கப்படவில்லை” என்றார் பெரியநாயகம். வீட்டில் இருக்கும்போதும் அவர் கடிதத்தில் எழுதுவது மாதிரிதான் பேசுவார்.

“அப்ப பாப்பாவே படிக்கட்டுங்க. நல்லா படிப்பா. அவங்கம்மா கேட்டுக்கட்டும்.”

“பெற்றோர் வாசிக்க, பிள்ளை கேட்டால் அது குடும்பம். பிள்ளை வாசிக்கப் பெற்றோர் கேட்டால் அதற்குப் பெயர் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடங்கள் நம் அதிகாரத்தில் வரவில்லை.”

“எழுத்து தெரியாதவங்க என்னதாங்க பண்றது?”

பெரியநாயகம் ஒரு படிவத்தை எடுத்து மேலிருந்து கீழ்வரை பார்த்தார். “எழுத்துத் தெரியாதவர் என்று நிரப்ப இதில் கலமே இல்லையே” என்றார், அப்படிப்பட்டவர்கள் இருப்பதற்கு அதுவே மறுப்பு என்பதுபோல.

விஷயத்தைக் கேட்ட ராஜமேரி அழவில்லை. அவள் அழுகிற ஆள் இல்லை.

“எழுத்துதானே எனக்கு வராது? படம் பாத்தா தெரியுமில்ல? நீங்க ஒரு புஸ்தகம் எழுதிக் குடுங்க, நான் படிக்கிறேன்.”

“எதை எழுதறது?”

“கல்யாணக் கதையா இருக்கட்டும். ஆண்டவர் தண்ணியைத் திராட்சை ரசமாக்கின புதுமை இருக்குதே, கானாவூர்க் கல்யாணம். கல்யாண வூட்டுல எங்கெங்க என்ன நடக்கும்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேணாம்.”

பத்து நாள் காலையில் உட்கார்ந்து இன்னாசிராஜ் எழுதினார். கெட்டி அட்டையில் பன்னிரண்டு படம். மேலே லாரி சீட்டுக்குப் போடுகிற ரெக்சின் உறை. தொழில் பழக்கத்தில் ஒவ்வொரு படத்துக்கும் நாலு மூலையிலும் தாமரை வந்துவிட்டது. கானாவூருக்குப் பின்னால் மலையும் அதன் நடுவில் சூரியனும் வந்தன. மாதாவுக்குக் கண் நீளமாக அமைந்தது. பந்தியில் இலை போட்டிருந்தது, ஓர் ஓரத்தில் சமையல்காரர் கரண்டியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார், கூட்டத்தில் சம்பந்தி ஒருவர் கோபித்துக்கொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நடுவில் ஆறு பெரிய அண்டா. கடைசிப் படத்தில் ஆறும் சிவப்பாக நிறைந்து நின்றன.

அன்று சாயங்காலம் ராஜமேரி அதை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தாள். சகாயமேரியும் அவள் தம்பிகளும் சிரித்த சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களைத் தேடிக்கொண்டு அவர்களுடைய அம்மாக்கள் வந்தார்கள். யாரும் ஏழேகாலுக்கு எழுந்து போகவில்லை.

ஆனாலும் அட்டையில் கட்டம் நிரப்ப முடியாது. நூலுக்கு அனுமதி வேண்டும். புதுநன்மை மே மாதக் கடைசி ஞாயிறு. அப்போது மார்ச் பிறந்திருந்தது.

ஆய்வுக் கமிட்டி சனிக்கிழமை கூடியது. மூன்று பேர். தலைவர் பெரியநாயகம். செயலாளர் ரோசம்மாள், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட டீச்சர், யார் எது சொன்னாலும் முத்து முத்தாக எழுதி வைப்பவர். மூன்றாவது உறுப்பினர் எல்லாவற்றையும் ஆமோதிப்பவர், அவருக்குப் பெயர் தேவைப்பட்டதே இல்லை.

பெரியநாயகம் புத்தகத்தைப் புரட்டினார். திருப்பிப் புரட்டினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி புரட்டினார்.

“இதில் எழுத்து இல்லை” என்றார்.

“ஆமாங்க. அவளுக்கு எழுத்து...”

“குறுக்கே பேசக் கூடாது. எழுத்து இல்லை, ஆகவே எழுத்துப் பிழை இல்லை. வாக்கியம் இல்லை, ஆகவே ஒழுக்கக் கேடான வாக்கியம் இல்லை. குறையே காண முடியாத ஒரு நூலை இந்தக் கமிட்டி இதுவரை சந்தித்ததில்லை. நாங்கள் குறை காணவில்லை என்றால் பிறகு எதற்காக இருக்கிறோம்? ஆகவே இது நூல்தானா என்பதே என் சந்தேகம்.”

மூன்றாவது உறுப்பினர் அந்தச் சந்தேகத்தை ஆமோதித்தார். அப்போதுதான் ரோசம்மாள் ஐந்தாம் படத்தில் விரலை வைத்து, “ஐயா, இங்க எழுத்து இருக்குதுங்களே” என்றார்.

இருந்தது. இன்னாசிராஜ் லாரி இல்லாத நாளில் கல்யாண வீட்டு மேடைக்கும் எழுதுகிறவர். மாப்பிள்ளை பெண் பேர் எழுதாத மேடையை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. கை தன்பாட்டுக்கு எழுதியிருந்தது: ‘பவுல்ராஜ் – செசிலி. நல்வரவு.’

பெரியநாயகத்தின் முகம் மலர்ந்தது. அவருக்குத் தெரிந்த நிலத்தில் கால் வைத்துவிட்டார்.

“இந்தப் பெயர்கள் வேதாகமத்தில் எங்கே இருக்கின்றன?”

“இல்லீங்க. பேரு இல்லாம எப்படிங்க மேடை...”

“ஆக, பவுல்ராஜ், செசிலி ஆகிய இருவர் ஆண்டவர் முன்னிலையில் திருமணம் செய்துகொள்கிறார்கள். திருமண ஓலை மூன்று ஞாயிறு வாசிக்கப்பட்டதா?”

“எப்பங்க?”

“அதைத்தான் நான் கேட்கிறேன். ஓலை வாசிக்காத கல்யாணத்தைப் படம் போட்டுக் குடும்பங்களுக்குக் கொடுத்தால், நாளைக்கு நம் பிள்ளைகள் ஓலை வாசிக்காமல் கல்யாணம் செய்துகொள்வார்கள். இந்தக் குறையை நிவர்த்தி செய்த பிறகே நூலை மேற்கொண்டு பரிசீலிக்க முடியும்.”

ரோசம்மாள் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். பிறகு அதையும் எழுதினார். சாமியார் அன்றைக்கு மலையில் இருந்தார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் உபதேசியார் எழுந்து, தலைவர் கொடுத்த தாளைக் கணீரென்று வாசித்தார். “கானாவூரைச் சேர்ந்த பவுல்ராஜ் என்பவருக்கும், அதே ஊரைச் சேர்ந்த செசிலி என்பவருக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது. இது முதல் ஓலை. தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.” ஜனங்கள் வழக்கம்போல் எழுந்து போனார்கள். ஒருவர் மட்டும் வாசலில் நின்று, “கானாவூரு எங்க இருக்குது, அரூர் பக்கமா?” என்று விசாரித்தார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லாத இன்னொருவர், “அரூர்ல எறங்கி வேற பஸ் மாறணும்” என்றார்.

இரண்டாம் ஓலை வாசித்த மறுநாள் காலை சித்தேரி மலை பஸ்ஸிலிருந்து மதலேனம்மாள் இறங்கினாள். கூட இரண்டு கொழுந்தனார்கள். தோளில் சாமை மூட்டை. அவள் மகன் பெயர் பவுல்ராஜ். பெங்களூரில் ஓட்டல் வேலைக்குப் போனவன், நாலு மாதமாகக் கடிதம் போடவில்லை. ஓலை வாசித்த சேதி எப்படியோ மலையேறிப் போயிருந்தது.

நேராகக் கமிட்டி அறைக்கு வந்தாள். “யாரக் கேட்டு எம்பையனுக்கு ஓலை வாசிச்சீங்க? பெத்தவ ஒருத்தி உசுரோட இருக்கிறது தெரியாதா?”

பெரியநாயகம் நிதானமாக, “அம்மா, இது இயேசுநாதர் காலத்தில் நடந்த கல்யாணம்” என்றார்.

“அவ்ளோ நாளாவா மறைச்சு வச்சிருக்கிறான்?” என்று மதலேனம்மாள் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இன்னாசிராஜைத் தொப்பூருக்குப் போகிற வழியில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவர் படத்தை விரித்து, இது கதை, நான்தான் பேர் வைத்தேன், உங்கள் பையன் இல்லை என்று மூன்று தடவை சொன்னார். மதலேனம்மாள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல மெல்லக் கோபம் தணிந்தது.

“பொண்ணு லட்சணமாத்தான் இருக்குது” என்றாள். “எம்பையனும் இப்பிடித்தான் மீசை வச்சிருப்பான். எனக்கு ஆட்சேபனை இல்லீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் நாலு பேரோட வந்திருப்பேன், அவ்வளவுதான்.”

சாமை மூட்டையைச் சீர் என்று ரோசம்மாளிடம் கொடுத்துவிட்டு சாயங்கால பஸ்ஸுக்குப் போனாள். ஆட்சேபனை பெறப்பட்டதாகவும், பின்னர் திரும்பப் பெறப்பட்டதாகவும் நோட்டில் ஏறியது. ஆனாலும் எதிர்காலத்தில் வேறு பவுல்ராஜுகளின் தாய்மார்கள் வரக்கூடும் என்பதால் மேடையிலிருந்து பெயர்களை அழிக்கும்படி தீர்மானம் நிறைவேறியது. இன்னாசிராஜ் அழித்தார். அவர் மனசுக்கு அது கல்யாண வீடு மாதிரியே இல்லை. ஆனால் ஏப்ரல் வந்துவிட்டது, அவருக்கு மகளின் முகம்தான் முன்னால் நின்றது.

அடுத்த கூட்டத்தில் அண்டாக்கள் விசாரணைக்கு வந்தன.

“இந்தச் சிவப்பு என்ன?”

“திராட்சை ரசமுங்க. ஆண்டவர் பண்ணின முதல் புதுமை அதானுங்களே.”

“இந்த ஜில்லாவில் குடியால் எத்தனை குடும்பம் அழிந்திருக்கிறது தெரியுமா? குடும்ப நூலில் ஆறு அண்டா ரசமா?”

“பூசையில ரசம் வைக்கிறாங்களேங்க” என்றார் இன்னாசிராஜ் பயந்துகொண்டே.

“அது சாமியார் குடிப்பது. அவருக்குக் குடும்பம் இல்லை. இது குடும்ப நூல்” என்றார் பெரியநாயகம்.

முதலில் கலர் சோடாவாக மாற்றச் சொன்னார்கள். இன்னாசிராஜ் ஆரஞ்சு அடித்துக்கொண்டு வந்தார். சோடா குடித்தால் ஏப்பம் வரும், கோயில் விஷயத்தில் ஏப்பம் மரியாதை இல்லை என்று மூன்றாவது உறுப்பினர் வாழ்க்கையிலேயே முதல்தடவையாகச் சொந்தமாக ஒரு கருத்துச் சொன்னார். அதை மதித்து இளநீராக்கினார்கள். கானாவூரில் தென்னை உண்டா என்பதற்கு அத்தாட்சி கிடைக்கவில்லை. கடைசியில் ஆட்சேபனைக்கு இடமில்லாத ஒரே திரவம் தண்ணீர்தான் என்று ஏகமனதாக முடிவாயிற்று. ஆறு அண்டாவிலும் வெள்ளை அடித்தார் இன்னாசிராஜ்.

அன்று ராஜமேரியும் வந்திருந்தாள். அவளால் பொறுக்க முடியவில்லை. “ஏங்க, தண்ணி தண்ணியாவே இருந்தா அதுல என்னாங்க புதுமை?”

பெரியநாயகம் எழுந்து நின்றார். முக்கியமானதை அவர் உட்கார்ந்து சொல்வதில்லை. “அம்மா, நான் இந்த மாவட்டத்தில் முப்பது வருடம் ஆர்.ஐ.யாக இருந்தவன். எத்தனையோ ஊர்களுக்குக் குடிநீர் வந்துவிட்டதாக நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு ஊரிலும் வந்ததில்லை. தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் இருப்பதைவிடப் பெரிய புதுமையை நான் என் சர்வீசில் பார்த்ததில்லை.”

சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. ரோசம்மாளைப் பார்த்தார். ரோசம்மாள் எழுதி முடித்து முற்றுப்புள்ளியும் வைத்துவிட்டார்.

இனி ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி: வாசிப்புப் பரிசோதனை. எழுத்தில்லாத நூலைக் கமிட்டி முன்னிலையில் வாசித்துக் காட்ட வேண்டும். ராஜமேரி கோயில் அறையில் ஸ்டூலில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தாள். ஜன்னலில் பிள்ளைகளின் தலை வரிசையாக முளைத்தது.

“மூணாம் பந்தி நடக்குதுங்க. அப்பப் பாத்து அண்டா காலி. கெணறு வத்திக் கெடக்குது. பொண்ணோட அப்பாவுக்கு வயித்துல புளியக் கரைக்குது. மாப்ள வூட்டுப் பெரியப்பா ஒருத்தரு, எப்படா சாக்கு கெடைக்கும்னு உக்காந்திருந்தவரு, தோ இவருதான், செருப்பைத் தேடறாரு. மாதா சமையக்கட்டுல இருந்து எட்டிப் பாக்கறாங்க. பொம்பளைங்களுக்குத்தானே தெரியும், எது தீந்து போச்சுன்னு. மவனைக் கூப்பிட்டு, ‘தண்ணி இல்லப்பா’ங்கிறாங்க. அவரு, ‘எனக்கு இன்னும் நேரம் வரலம்மா’ங்கிறாரு. எந்தப் பையன் சொன்ன ஒடனே செய்யறான்?”

ஜன்னல் முழுக்கச் சிரிப்பு. பெரியநாயகம் மணியடித்து, “இங்கே சிரிப்பதற்கு அனுமதி பெறப்படவில்லை” என்றார்.

“கடைசியில அண்டா நெறஞ்சுதுங்க. அந்தத் தண்ணி நம்ம ஊருத் தண்ணி மாதிரி இல்லீங்க. பல்லு கறை புடிக்காத தண்ணி. அதைக் குடிச்சிட்டுப் பந்தி பரிமாறறவரு கேட்டாரு, ‘இவ்வளவு நல்ல தண்ணிய இத்தனை நேரம் எங்கடா ஒளிச்சு வச்சிருந்தீங்க’ன்னு.”

ரோசம்மாள் ஒரு சொல் விடாமல் எழுதினார். விதிப்படி மறுநாளும் வாசிக்க வேண்டும். வாசித்தாள். இந்தத் தடவை பெரியப்பாவின் செருப்பை ஒரு ஆட்டுக்குட்டி தூக்கிக்கொண்டு போயிற்று, மாதா சமையல்காரரையும் அதட்டினார். பெரியநாயகம் இரண்டு நோட்டையும் ஒப்பிட்டுப் பார்த்து அதிர்ந்து போனார்.

“இரண்டும் ஒன்றாக இல்லை. எது சரியான பாடம்?”

“ரெண்டுந்தாங்க” என்றாள் ராஜமேரி. “நேத்து ஜன்னல்ல வேற பசங்க இருந்தாங்க.”

தினமும் மாறுகிற நூலுக்கு நிரந்தர அனுமதி தர முடியாது. ஆகவே இரண்டு நோட்டையும் வைத்து வாக்கியம் வாக்கியமாக ஓட்டெடுத்து, ஒரே பாடமாகக் கட்டி, கமிட்டியே அச்சிட்டு வெளியிடுவது என்று முடிவாயிற்று. ஆட்டுக்குட்டி ஒரு ஓட்டில் தோற்றது.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அப்துல் சுபானின் அச்சகம். இன்னாசிராஜும் பெரியநாயகமும் போனார்கள். படங்களைப் பார்த்த அப்துல் சுபான், “அற்புதமா இருக்குதுங்க. ஆனா கலர் பிளாக்குக்கு மெட்ராஸ் போவணும். வர ஆறு மாசம் ஆவும்” என்றார்.

“படம் வேண்டாம். எழுத்து மட்டும் போதும்” என்றார் பெரியநாயகம்.

இன்னாசிராஜ் படப் புத்தகத்தை மூடினார். பத்து நாள் எழுதிய படம், மூன்று தடவை நிறம் மாற்றிய அண்டா, எல்லாம் ஒரு வரியில் போய்விட்டது.

புத்தகம் வந்தது. முப்பத்திரண்டு பக்கம். பதினேழு பக்கம் பெரியநாயகத்தின் பதிப்புரை, அவர் படத்தோடு. ஆறு பக்கம் வாழ்த்துரைகள். இரண்டு பக்கம் இயக்கத்தின் வரலாறு. மிச்சமுள்ள இடத்தில் கானாவூர்க் கல்யாணம். அட்டையில், ‘நூலாசிரியர்: திருமதி ராஜமேரி இன்னாசிராஜ்’. அப்துல் சுபான் புத்தகக் கட்டை எடுத்துக் கொடுக்கும்போது சொன்னார்: “நான் அடிக்கறது பாதி கல்யாணப் பத்திரிகைதாங்க. மாப்ள பேரும் இல்லாம பொண்ணு பேரும் இல்லாம ஒரு கல்யாணத்தை இப்பத்தான் அடிக்கிறேன்.”

புதுநன்மைக்கு எட்டு நாள் இருக்கும்போது அட்டை சரிபார்ப்பு. கோயில் முற்றத்தில் மேசை போட்டு, பதினாறு பிள்ளைகளும் தாய் தகப்பனோடு வரிசையில் நின்றார்கள். பதினைந்து அட்டையும் தேறின. பதினாறாவது சகாயமேரி. வெற்று அட்டையை மேசைமேல் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இப்போது அனுமதி பெற்ற நூல் இருக்கிறதே” என்றார் பெரியநாயகம் பெருந்தன்மையாக, அச்சுப் பிரதியை ராஜமேரியிடம் நீட்டி. “இங்கேயே வாசித்துக் காட்டுங்கள். முதல் கட்டத்தை நான் நிரப்புகிறேன். பாக்கி ஐம்பத்தொன்பதும் நிரம்பினால் அடுத்த வருடம் பார்க்கலாம்.”

ராஜமேரி பிரித்தாள். கறுப்பு கறுப்பாக எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. மூடினாள்.

“எனக்கு எழுத்து தெரியாதுங்க” என்றாள்.

“நீங்கள்தானே நூலாசிரியர்?”

“அப்படித்தான் நீங்க போட்டிருக்கீங்க.”

சகாயமேரியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அதைப் பார்த்த இன்னாசிராஜுக்கு மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்தது பொங்கி வந்தது. பெரியநாயகத்தின் மேல் கத்தத்தான் வாயைத் திறந்தார். ஆனால் கண் எதிரே சுவரில் தொங்கிய பலகையின் மேல் விழுந்தது. இயக்கத்தின் விதிகள் எழுதிய பலகை. கத்தாமல் அதன் கிட்டே போய், அடியில் குனிந்து பார்த்தார்.

“ஐயா, பதினாலாம் விதி என்னாங்க?”

“பதினான்கா? விதிகள் பதின்மூன்றுதான்” என்றார் மூன்றாவது உறுப்பினர்.

“பதினாலுங்க. இந்தப் பலகை எழுதினதே நான்தான். எழுதி முடிச்சு வார்னிஷும் அடிச்ச பிறகு தலைவர் ஐயா ஒரு சீட்டு குடுத்தனுப்பினாரு. எடம் பத்தாம அடியில பொடி எழுத்துல போட்டேன்.”

ரோசம்மாள் எழுந்து வந்து, கண்ணாடியை ஏற்றி, டீச்சர் குரலில் வாசித்தார். “விதி பதினான்கு. அனுமதிக்கப்பட்ட நூலின் ஆசிரியர், தமது நூலை நாள்தோறும் வாசித்தவராகவே கருதப்படுவார். அவரது அட்டை முழுமையாக நிரம்பியதாகக் கொள்ளப்படும்.”

எல்லோரும் பெரியநாயகத்தைப் பார்த்தார்கள். அந்த விதி எதற்காக வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ‘நல்லவன் ஞானப்பிரகாச’த்தை எழுதியவர் அதைத் தினமும் வாசிப்பதிலிருந்து தப்பிக்க ஆசைப்பட்டது நியாயம்தானே என்று எல்லோருக்கும் தோன்றியது. அதைத் தங்கள் வீட்டில் வாசித்துப் பார்த்தவர்களும் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள்.

பெரியநாயகம் பலகையைப் பார்த்தார், அச்சுப் பிரதியின் அட்டையைப் பார்த்தார். விதியை மீறுவது என்பது அவர் எலும்பிலேயே இல்லை. பேனாவைத் திறந்து அறுபது கட்டத்தையும் ஒவ்வொன்றாக நிரப்பினார். முடிக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. சகாயமேரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒவ்வொரு கட்டத்தையும் எண்ணினாள்.

மே கடைசி ஞாயிறு பதினாறு பிள்ளைகளும் வெள்ளையில் நடந்து போனார்கள். சாமியார் அன்றைக்கு ஊரில் இருந்தார்.

மறுநாள் சாயங்காலம் ஏழு மணிக்குப் பெரியநாயகம் இன்னாசிராஜ் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் அச்சுப் பிரதி, கக்கத்தில் ஃபைல். “தொடர் ஆய்வு” என்றார். அன்றைக்கு லாரி இல்லாததால் இன்னாசிராஜ் வீட்டிலேயே இருந்தார். நாற்காலி எடுத்துப் போட்டார். கமிட்டி வேண்டாமென்று திருப்பித் தந்த படப் புத்தகம் ராஜமேரியின் மடியில் இருந்தது. மேடையில் பவுல்ராஜும் செசிலியும் புதுசாகத் திரும்பி வந்திருந்தார்கள். அண்டா ஆறும் மறுபடி சிவப்பு. பெரியநாயகம் அதைப் பார்த்தார். குறித்துக்கொள்ளவில்லை.

ராஜமேரி ஆரம்பித்தாள். அவர் அச்சுப் பிரதியைப் பிரித்து வரிமேல் விரலை வைத்துத் தொடர்ந்தார். இரண்டாம் படத்திலேயே விரல் நின்றுவிட்டது.

“அம்மா, மாமியார் வளையலைத் தொலைப்பது இதில் இல்லையே.”

“இல்லீங்களா? இன்னிக்குத் தொலைச்சிட்டாங்க” என்றாள் ராஜமேரி.

“பாடத்தில் இல்லாததை...”

“உஷ்!” என்றாள் சகாயமேரி. “குறுக்க பேசக்கூடாதுங்க தாத்தா. கதை ஓடுது.”

பெரியநாயகத்தைப் பார்த்து அவர் பிறந்ததிலிருந்து யாரும் ‘உஷ்’ என்று சொன்னதில்லை. மனிதர் அச்சுப் பிரதியை மூடி ஃபைலுக்கு மேல் வைத்தார். ஃபைலைத் தரையில் வைத்தார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, சின்னப் பையனின் தலைக்கு மேலாகப் படத்தை எட்டிப் பார்த்தார். அவர் வீட்டில் சம்சாரம் போய் ஏழு வருடம் ஆகிறது. மகன்கள் இரண்டு பேரும் பம்பாயில். ஏழு மணிக்கு அந்த வீட்டில் வாசிக்க ஆள் உண்டு, கேட்கத்தான் யாரும் இல்லை. இன்னாசிராஜுக்கு இது அப்போதுதான் நினைவு வந்தது, மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

ராஜமேரி பக்கத்தைத் திருப்பப் போனவள், மூச்சு வாங்க நிறுத்தினாள்.

“அந்த வளையல்” என்றார் பெரியநாயகம். “கிடைச்சுதாம்மா?”